காட்டோரத்துப் போணி

எங்கள் வீட்டில் அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டுக் கடைக்குப் போய்க் காப்பித்தூள் வாங்கி வரலாம். தண்ணீர் கொதிப்பதற்குள் திரும்பிவிடலாம். இதைச் சொன்னால் இன்றைக்கு யாரும் வியப்பதில்லை. அதே வீட்டின் கொல்லைக் கதவைத் திறந்தால் மயில் நிற்கும் என்று சேர்த்துச் சொன்னால்தான் கொஞ்சம் நிமிர்ந்து உட்காருகிறார்கள். முன்பக்கம் கடைத்தெரு, பின்பக்கம் காடு. அப்படிப்பட்ட இடத்தில் குடியிருந்தவள் நான். பெருமைதான், இல்லையென்று சொல்ல மாட்டேன்.

புதுக்கோட்டைச் சமஸ்தானம் இந்தியாவோடு சேர்ந்து நாலைந்து வருஷம் ஆகியிருந்தது. டவுனை ஒட்டி, ராஜா காலத்து வேட்டைக்காட்டின் ஓரத்தில், குமாஸ்தாக்களும் வாத்தியார்களும் மனை வாங்கி வரிசையாகப் பன்னிரண்டு ஓட்டு வீடுகள் கட்டினார்கள். எங்களுடையது கடைசி வீடு. என் வீட்டுக்காரர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. எங்களுக்குக் கல்யாணமாகிக் கொஞ்ச நாளிலேயே வீடு முடிந்துவிட்டது. வேட்டைக்காடு அப்போது சர்க்காரின் காப்புக்காடு ஆகியிருந்தது. எங்கள் கொல்லைக்குப் பின்னால் ஒரு எல்லைக்கல் நட்டிருந்தார்கள். அதைத் தாண்டி மரம் வெட்டக் கூடாது, வேட்டையாடக் கூடாது. மான்களுக்கு அந்தக் கல்லைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அவை இந்தப் பக்கம் வந்து என் தண்டுக்கீரையைத் தின்றுவிட்டு நிதானமாகத் திரும்பிப் போகும்.

அப்பப்பா, எத்தனை வாசனை அங்கே! காலையில் கடைத்தெருவில் காப்பிக்கொட்டை வறுக்கிற வாசனை முன்பக்கமாக வரும். மழை பெய்தால் காட்டு மண்ணும் வீரை மரமும் களாச்செடியும் சேர்ந்து பின்பக்கமாக வரும். இரண்டும் கூடத்தில் வந்து கலக்கும்போது நான் கையில் இருக்கிற வேலையைப் போட்டுவிட்டு நின்றுவிடுவேன். பிறந்த ஊரில் ஒரு படி உப்பு வேண்டுமென்றாலும் இரண்டு மைல் நடந்தவள் நான். இங்கே பலசரக்குக் கடை, ஜவுளிக் கடை, கண்ணாடி வளையல் கடை, எல்லாம் கூப்பிடு தூரம். காலையில் வளையல் வாங்குவேன். சாயங்காலம் கொல்லையோரம் உதிர்ந்து கிடக்கிற பாலைப்பழம் பொறுக்குவேன். வேறென்ன வேண்டும் ஒரு மனுஷிக்கு?

என் வீட்டுக்காரருக்கு வேண்டியது வேறு. அவர் நல்லவர், வல்லவர், ஆனால் பயந்தவர். ஒருநாள் குளியலறையில் ஒரு சாரைப்பாம்பு தன் பாட்டுக்குச் சுருண்டு படுத்திருந்தது. இவர் தலையெல்லாம் சோப்பு நுரையோடு தெருவுக்கு ஓடி வந்துவிட்டார். இடுப்பில் துண்டு இருந்தது, அது அவர் செய்த புண்ணியம். பக்கத்து வீட்டு வாத்தியார் வந்து பாம்பைக் கம்பால் தள்ளிக் காட்டுக்கு அனுப்பினார். அதற்கப்புறம் ஆறு மாசம் நான்தான் முதலில் உள்ளே போய், "ஒண்ணும் இல்ல, வாங்க," என்று சொல்ல வேண்டும்.

அந்தப் பயத்தை ஊதி ஊதி வளர்த்தவர் அவருடைய அக்கா. நான் அவரை அத்தாச்சி என்று கூப்பிடுவேன். டவுனுக்கு நடுவே, நாலு பக்கமும் வீடுகள் நெருக்கிய ஒரு தெருவில் இருந்தார். தாயில்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவர். அதனால் தம்பி வீட்டில் எது எங்கே இருக்க வேண்டும் என்பதையும் அவரே சொல்வார். புதுமனைப் புகுவிழா அன்று பால் பொங்குகிற நேரத்தில் காட்டில் நரி ஊளையிட்டது. அவ்வளவுதான், அத்தாச்சிக்கு முகம் செத்துவிட்டது.

"பட்டப்பகல்ல நரி ஊளையிடுது, இது குடியிருக்கிற எடமாடா? இந்த வீட்ட விட்டு நீங்க கெளம்புற வரைக்கும் நான் இங்க பச்சத்தண்ணி குடிக்க மாட்டேன்," என்றார்.

சொன்னபடியே குடிக்கவும் இல்லை. மாசத்துக்கு ஒருமுறை வருவார், கூடத்துத் தூணில் சாய்ந்து உட்காருவார், காடு இருக்கிற பக்கம் திரும்பக்கூட மாட்டார். நான் காப்பி கலந்து கொண்டுபோய் வைத்தால் ஆடை படிந்து ஆறுகிற வரையில் பேசிவிட்டு எழுந்து போய்விடுவார். களாக்காய் ஊறுகாய் ஜாடியை மட்டும் இடுக்கிக்கொண்டு போவார். ஊறுகாயில் தண்ணீர் இல்லையாம்.

இதையெல்லாம் பொறுத்துக்கொண்டேன். மூன்று வருஷமாக எனக்கு வயிறு திறக்கவில்லை. அதற்கும் அந்த வீட்டைச் சொன்னபோதுதான் பொறுக்க முடியவில்லை. "ராசியில்லாத வீடு. இவளுக்கும் அந்த ராசி ஒட்டிக்கிச்சு," என்று நான் அடுப்படியில் இருக்கும்போதே தம்பியிடம் சொன்னார். எனக்குக் காதிருக்கிறது என்பது அவருக்குத் தெரியும். கையில் இருந்த கரண்டியை நான் வைத்த வேகத்தில் காம்பு வளைந்துவிட்டது. பிள்ளை இல்லாதவள் அந்தப் பேச்சில் என்ன பதில் சொல்ல முடியும்?

வேடிக்கையைக் கேளுங்கள். உள்ளே நான் ராசியில்லாதவள். வெளியே, என் வீட்டு வாசலில், வெள்ளிக்கிழமைதோறும் என் கைராசிக்கு ஒரு கூட்டமே காத்துக் கிடந்தது.

புதுக்கோட்டையில் வெள்ளிக்கிழமை சந்தை. வல்லத்திராக்கோட்டைப் பக்கத்திலிருந்து காய் கொண்டுவருகிற பெண்கள் வண்டியில் வந்து காட்டோரம் இறங்கி, ஒற்றையடிப்பாதையில் கூடையோடு நடந்து, எங்கள் வீட்டுக்குப் பக்கமாகத்தான் டவுனுக்குள் நுழைவார்கள். ஒரு வெள்ளிக்கிழமை விடிகிற நேரத்தில் கத்திரிக்காய்க் கூடையோடு ஒரு பெண் குடிக்கத் தண்ணீர் கேட்டாள். கொடுத்தேன். கத்திரிக்காய் பளபளவென்றிருந்தது, கால் வீசை வாங்கினேன். அன்றைக்கு அதுதான் அவளுக்குப் போணி, முதல் வியாபாரம். காசை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனாள். அடுத்த வெள்ளிக்கிழமை வாசல் தெளிக்கும்போதே வந்து நிற்கிறாள்.

"ஆத்தா, போன வாரம் சந்தையில கூடைய எறக்கி வச்சேன், வெத்தல போடுற நேரத்துல காலி! ஒன் கை நல்ல கை தாயி. ரெண்டு காய் எடுத்துப் போணி பண்ணிவிடு, போறேன்."

நானும் விளையாட்டாகச் செய்தேன். அன்றும் கூடை காலியாம். கத்திரிக்காய்க்காரிக்கு வாய் சும்மா இருக்குமா? மூன்றாம் வாரம் வெண்டைக்காய் வந்தது. பிறகு அவரை, கொத்தவரை, சுரைக்காய், கீரைக்கட்டு. ஆளுக்கு ஒரு கை காய் வாங்கினால் போதும், அதற்கு மேல் அவர்களும் கேட்க மாட்டார்கள். ஒருத்தி வருவாள், கூடையை இறக்குவாள், நான் தொட்டு எடுப்பேன், அவள் காசை வாங்கிக் கூடையை மூன்று சுற்றுச் சுற்றிவிட்டு நடப்பாள். கண் மூடித் திறப்பதற்குள் முடிந்துவிடும். பதினைந்து பேர் வந்தாலும் வாசலில் இரண்டு பேருக்கு மேல் நின்றது கிடையாது. என் வீட்டுக்காரர்தான் பாவம். வெள்ளிக்கிழமைகளில் பதினைந்து காயும் விழுந்த குழம்பைச் சாப்பிட்டார். "இன்னிக்கு இதுல என்ன இல்ல?" என்றுதான் கேட்பார்.

தை பிறந்ததும் அத்தாச்சி ஒரு ஏற்பாட்டோடு வந்தார். அவருடைய தெருவில் ஒரு வீடு காலியாகிறது. எங்கள் வீட்டை வாங்கிக்கொள்ள ஒரு ஜவுளிக் கடைக்காரர் தயாராக இருக்கிறார். முதல் வெள்ளிக்கிழமை விடியற்காலையில், நல்ல நேரத்தில், அவரும் அவர் சம்சாரமும் வீடு பார்க்க வருவார்கள். பிடித்துவிட்டால் அன்றே பேச்சு முடிந்துவிடும். என்னை யாரும் கேட்கவில்லை. என் வீட்டுக்காரர் தலையாட்டிவிட்டார்.

அத்தாச்சி போனதும் கேட்டேன். "இந்த வீட்ட விட்டுப் போறதுக்கு ஒங்களுக்கு மனசு வருதா?"

அவர் மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே இருந்தார். "அக்கா சொல்லிருச்சு. அங்கிட்டுப் போனாலாச்சும் நமக்கு ஒரு..." என்று ஆரம்பித்து முடிக்காமல் விட்டுவிட்டார். அவர் முடிக்காத சொல் என்ன என்று எனக்குத் தெரியாதா? பிள்ளை. அதைச் சொல்லித்தான் இந்த வீட்டை என்னிடமிருந்து பிடுங்கப் போகிறார்கள்.

வியாழக்கிழமை சாயங்காலம் இன்னொன்று சொன்னார். "நாளைக்கு அவங்க வர்ற நேரத்துல வாசல்ல இந்தக் காய்க்காரக் கூட்டம் வேணாம். சந்தைக்கட மாதிரி இருந்தா அவங்களுக்குப் புடிக்காது. அவங்க வந்து பாத்துட்டுப் போறவரைக்கும் நீ வெளிய வராத."

"சரிங்க," என்றேன். எனக்குக் கோபம் உச்சிக்கு ஏறினால் 'சரிங்க' என்று மட்டும்தான் வரும். எனக்கு வாய்த்தவருக்கு அது இன்றுவரை புரிந்ததில்லை.

மறுநாள் நல்ல பனி. நான் அடுப்படியை விட்டு நகரவில்லை. ஈர விறகு புகைந்தது. புகையில் கண்ணீர் வந்தது, புகை போன பிறகும் வந்தது. கூடத்தின் சுவர்களுக்கு நானே பார்த்துப் பார்த்துச் சுண்ணாம்பு அடித்திருந்தேன். கொல்லைக் கதவை யாரோ ஒரு ஜவுளிக் கடைக்காரர் பெண்டாட்டி திறக்கப் போகிறாள், என் மயிலை அவள் சூசூவென்று விரட்டப் போகிறாள். இதை நினைக்க நினைக்க வாய்விட்டே அழுதேன். பின்பக்கம் எல்லைக்கல்லில் உட்கார்ந்து மயிலும் நீட்டி நீட்டிக் கத்தியது. மயில் கத்துவதைக் கேட்டுப் பழகாதவர்களுக்கு அது பெண் ஒருத்தி அலறுவதுபோல்தான் இருக்கும்.

வாசலில் நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. முதலில் கத்திரிக்காய்க்காரி வந்தாள். என் வீட்டுக்காரர் வெளியே போய், "இன்னிக்கு இல்ல, போங்க," என்றார். அவள் எப்படிப் போவாள்? போணி ஆகாமல் கூடையைத் தூக்கினால் அன்றைய வியாபாரமே கெட்டுவிடும் என்று நினைப்பவள். "ஆத்தா வரட்டுங்க, நாங்க இருக்கோம்," என்று தெருவோரத்தில் உட்கார்ந்துவிட்டாள். அடுத்தவள் வந்தாள், பக்கத்தில் உட்கார்ந்தாள். நேரம் ஆக ஆக, பனிக்கு முந்தானையைத் தலையில் இழுத்துப் போர்த்திக்கொண்டு, பதினைந்து பெண்களும் என் வீட்டு முன்னால் வரிசையாகக் குந்திவிட்டார்கள். சந்தைக்கு நேரமாகிற கவலையில் ஒருத்தி வாயிலும் பேச்சில்லை. ஒவ்வொருத்தியும் கன்னத்தில் கை வைத்திருந்தாள்.

அந்த நேரத்தில்தான் ஜவுளிக் கடைக்காரரும் அவர் சம்சாரமும் தெருமுனையில் ஜட்காவை விட்டு இறங்கினார்கள்.

தெருவில் வரிசையாகத் தலையில் முக்காட்டோடு பெண்கள். உள்ளேயிருந்து ஓர் அழுகை, வீட்டுக்குப் பின்னாலிருந்து ஓர் அலறல். என் வீட்டுக்காரர் சட்டையில்லாமல், தோளில் துண்டோடு, முகமெல்லாம் இரண்டு நாள் தாடியோடு வாசற்படியில் நிற்கிறார். அவர் மூக்குக்கண்ணாடி உள்ளே மாடத்தில் இருந்தது. அது இல்லாவிட்டால் அவருக்குப் பத்தடிக்கு மேல் பனியும் ஒன்றுதான், மனுஷரும் ஒன்றுதான். வந்தவர்களை நேராகப் பார்த்தார், 'வாங்க' என்று ஒரு சொல் சொல்லவில்லை. எங்கள் பக்கத்தில் வந்தவரை 'வாங்க' என்று கேட்காத வீடு ஒன்றுதான் உண்டு, அது சாவு வீடு. அவர்களும் முறைப்படி கொஞ்ச நேரம் தலைகுனிந்து நின்றுவிட்டு, போய்வருகிறேன் என்று சொல்லாமலே திரும்பி நடந்துவிட்டார்கள்.

நான் என்ன செய்தேன்? நன்றாக வெளிச்சம் வந்த பிறகும் யாரும் வரவில்லை என்றதும் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்தேன். "இங்க பாருங்க, ஒங்க விருந்தாளிக்காக இவங்க பொழப்பு கெடணுமா?" என்று ஒரு போடு போட்டுவிட்டு, பதினைந்து பேருக்கும் போணி செய்து அனுப்பினேன். இவர் மூக்குக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "ஏன் வரலைன்னு கேட்டுட்டு வாரேன்," என்று சைக்கிளில் கடைத்தெருவுக்குப் போனார். நான் கொல்லைக் கிணற்றடியில் தலைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொள்ளப் போனேன். அது எனக்கு அந்த வீட்டில் கடைசி வெள்ளிக்கிழமைகளில் ஒன்று என்றுதான் நினைத்திருந்தேன்.

இதற்குள் ஜவுளிக் கடைக்காரர் சம்சாரம் நேராக அத்தாச்சி வீட்டுக்குப் போயிருக்கிறாள். துக்க வீட்டிலிருந்து வருகிறவள் இன்னொரு வீட்டுப் படி ஏறக் கூடாதல்லவா? தெருவில் நின்றபடியே, "ஒங்க தம்பி வீட்டுல எழவு விழுந்திருச்சுங்க. தம்பி வாசல்ல நிக்கிறாரு. அந்தப் பொண்ணத்தான் காணோம்," என்று சொல்லிவிட்டுத் தலைமுழுகப் போய்விட்டாள். தம்பி வாசலில் நிற்கிறான் என்றால் போனது யார்? வீட்டில் இருப்பதே இரண்டு பேர்.

ஈரத்தலையைத் துவட்டாமல் கிணற்றடியில் நின்றுகொண்டிருந்தேன். தெருமுனையில் ஒரு ஒப்பாரி கிளம்பியது. ஐயோ, யார் வீட்டில் என்ன என்று காதைத் தீட்டினேன். குரல் கிட்ட வந்தது. வந்து, என் வீட்டுக்குள்ளேயே நுழைந்து கூடத்தில் தொப்பென்று விழுந்தது. அத்தாச்சியின் குரல்!

"போயிட்டியாடி மகராசி! என் தம்பிய ஒத்தையில விட்டுட்டுப் போயிட்டியா! ராசியில்லாதவன்னு சொன்னேனே, என் நாக்கு அழுகாதா! நான் ஒரு பேச்சுப் பேசினா எதுத்து ஒரு பேச்சுப் பேசியிருப்பியா! மூணு வருசமா காப்பி கலந்து கொண்டாந்து வச்சியே, ஒரு நாளு ஒன் கையால வாங்கி ஒரு வாய் குடிக்கலையே இந்தப் பாவி! களாக்கா ஊறுகாய மட்டும் ஜாடி ஜாடியா தின்னேனே!"

கிணற்றுச் சுவரைப் பிடித்துக்கொண்டேன். சிரிப்பதா, அழுவதா? நான் செத்துப்போய்விட்டேன் என்பது புரிய ஒரு நிமிஷம் ஆயிற்று. புரிந்தபோது ஓடிப்போய் நிறுத்தியிருக்க வேண்டும். உண்மையைச் சொல்கிறேன், இன்னும் நாலு வரி கேட்டுவிட்டுத்தான் போனேன். அந்த வாயிலிருந்து அப்படி ஒரு நல்ல சொல்லை அதுவரை நான் கேட்டதில்லை. கேட்கக் கேட்க எனக்கே என்மேல் அழுகை வந்தது.

தலைமயிரை விரித்துப் போட்டபடி கொல்லைக் கதவு வழியாகக் கூடத்துக்குள் போய், "அத்தாச்சி, நான் இருக்கேங்க," என்றேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். பார்த்த வேகத்தில் உட்கார்ந்தபடியே தூண்வரைக்கும் நகர்ந்து போய்விட்டார். "அய்யய்யோ, வந்துட்டா! ஒன்ன நான் ஒண்ணும் மனசாரச் சொல்லலடி!" என்று கையெடுத்துக் கும்பிட்டார். என் கையைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். ஈரமாகவும் சூடாகவும் இருந்த கையைத் தடவித் தடவிப் பார்த்தார். பிறகு என்னை இழுத்து மடியில் போட்டுக்கொண்டு, செத்ததற்கு அழுததைவிட இரண்டு மடங்கு அழுதார். நானும் அழுதேன். மூன்று வருஷத்து அழுகை.

அந்த நேரத்தில் என் வீட்டுக்காரர் சைக்கிளை வாசலில் கீழே போட்டுவிட்டு உள்ளே ஓடிவந்தார். கடையில் அவரைப் பார்த்ததும் எல்லோரும் எழுந்து நின்றார்களாம், ஒருவரும் பேசவில்லையாம், யாரோ தோளைத் தொட்டார்களாம். மெல்ல விசாரித்து விஷயத்தைத் தெரிந்துகொண்டு, அப்படி ஒன்றும் இல்லை என்று சொல்லிப் புரியவைத்துவிட்டு வந்திருந்தார். "அடுத்த வெள்ளிக்கிழம வாரோம்னு சொன்னாங்க அக்கா," என்றார்.

திரும்பவுமா?

அத்தாச்சி முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். "ஒண்ணும் வர வேணாம்! வீடு குடுக்கிறதில்லன்னு போய்ச் சொல்லிட்டு வா."

"என்னக்கா, நீதான..."

"நான்தான் சொன்னேன், இப்ப நான்தான் சொல்றேன். இருக்கிறவ செத்துட்டான்னு சேதி வந்தா அவளுக்கு ஆயுசு கூடும்டா. இந்த வீட்டு மேல இருந்த கண்ணெல்லாம் இன்னிக்குக் கழிஞ்சிருச்சு. புள்ள வரும்போது வரட்டும். இவ இருந்தாப் போதும்."

இவ இருந்தாப் போதும். அந்தச் சொல்லை என் வீட்டுக்காரர் முகத்தில் தேடினேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிட்டார். துடைத்துக்கொண்டே, "கொல்லக் கதவுக்கு ஒரு நல்ல தாப்பா போடணும்," என்றார். அவர் பாஷையில் அதற்கு இங்கேயே இருக்கிறோம் என்று அர்த்தம். எனக்கு அவரைக் கட்டிப் பிடித்துக்கொள்ள வேண்டும்போல் இருந்தது. அத்தாச்சி நின்றதால் அடக்கிக்கொண்டேன்.

"எழவுன்னு நெனச்சு அழுதுட்டேன், தலைக்கு ஊத்தாம எதையும் தொட முடியாது," என்று அத்தாச்சி கிணற்றடிக்குப் போனார். போகிற போக்கில், காடு இருக்கிற பக்கமே பார்த்துக்கொண்டு, சத்தமாகச் சொன்னார். "குளிச்சிட்டு வாரேன். காப்பி போட்டு வையி. சூடா இருக்கணும்."

டப்பாவைத் திறந்தால் ஒரு சிட்டிகை தூள் இல்லை. அடுப்பில் தண்ணீரை வைத்துவிட்டு, ஈரத்தலையை அப்படியே முடிந்துகொண்டு ஓடினேன். கடைத்தெருவில் நாலு பேர் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தார்கள். ஒருவர் எழுந்தே நின்றுவிட்டார். செத்தவள் காப்பித்தூள் வாங்க வந்திருக்கிறாளே! நான் யாருக்கும் பதில் சொல்லவில்லை, நேரமில்லை. வறுத்து அரைத்த சூட்டோடு பொட்டலத்தை வாங்கிக்கொண்டு திரும்பினேன். தண்ணீர் அப்போதுதான் கொதிக்க ஆரம்பித்திருந்தது.

அத்தாச்சி கொல்லை வாசற்படியில் தலையை ஆற்றிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எல்லைக்கல்லில் மயில் இருந்தது. இரண்டும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருந்தன. நான் டம்ளரை நீட்டினேன். இரண்டு கையாலும் வாங்கி, ஊதி, ஒரே மூச்சில் குடித்தார். பிறகு வெறும் டம்ளரை என்னிடம் நீட்டி, "இன்னொண்ணு," என்றார்.